அவரோட போகலாம்தானே

கணக்குப் பகுதியின் இரண்டாவது சுற்று லேசாக வந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. அமெரிக்காவில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் பரீட்சை அது. முதல் சுற்றை நன்றாகச் செய்தவர்களுக்குக் கணினி இரண்டாவது சுற்றைக் கடினமாகத் தரும். சொதப்பியவர்களுக்கு இரக்கப்பட்டு லேசாகத் தரும். எனக்கு வந்தவை பள்ளிக்கூடத்தில் ஓ.எல். வகுப்புப் பிள்ளைகள் செய்கிற சதவீதக் கணக்குகள். ஒவ்வொன்றையும் சரியாகச் செய்தபடியே கூசிப்போனேன். நான் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு லேபில் வேலை செய்பவள், நாள் முழுதும் எண்களோடு இருப்பவள். முடிவில் திரையில் புள்ளி வந்தபோது, வகுப்பில் என்னை எழுப்பிக் கடைசி வாங்குக்கு அனுப்பியது போல் இருந்தது.

என் கணவர் அதே பரீட்சையை முந்தின வாரமே எழுதி நல்ல புள்ளி எடுத்திருந்தார். இரண்டு பேரும் போய்ப் படிக்கலாம் என்ற யோசனை என்னுடையது. விருப்பமில்லாமல் இருந்தவரை இழுத்து வந்து உட்காரவைத்தவள் நான். ஆங்கிலச் சொற்களை எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் பல்கனியில் வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

அன்று பரீட்சை நிலையத்துக்கு வெளியே அவர் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, விடும்," என்றார். காரில் ஏறியதும் ஃபோனை எடுத்துத் தாயிடம் என் புள்ளியைச் சொன்னார். என்னிடம் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது மாமி கனடாவிலிருக்கும் மகளோடு வாட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றுவது தெரிந்தும் குரலைக் குறைக்கவில்லை.

"அவன் நல்லா எடுத்திட்டான். இவளுக்குத்தான் சரிவரேல்லை. அதுக்கென்ன, இவள் அவனோட போகலாம்தானே."

அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு நான் எத்தனை பேர் வாயால் கேட்டேன்! லேபில் கேட்டேன். கீழ்வீட்டு அன்ரி லிஃப்டுக்குள் வைத்துச் சொன்னார். மனைவி என்ற பெயரில் விசா எடுத்துப் போய், அவர் வகுப்புக்குப் போனதும் கறி சமைத்துவிட்டு ஜன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எல்லோருக்கும் அது பெரிய அதிர்ஷ்டமாகத் தெரிந்தது.

திரும்ப எழுதப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை. எதிர்த்திருந்தால் சண்டை பிடித்துத் தீர்த்திருப்பேன். மாமி, "உன்ர விருப்பம் பிள்ளை," என்று சொல்லிவிட்டு, நான் புத்தகத்தோடு உட்காரும் நேரம் பார்த்துத் தேங்காய் துருவித் தரச் சொன்னார். கணவர் எனக்கு வாத்தியார் ஆனார்.

வேலையால் வந்ததும் எதிரே கதிரையைப் போட்டு, ஃபோனில் நேரத்தை ஓடவிட்டுக்கொண்டு உட்காருவார். நான் யோசிக்கும்போது விரலால் மேசையில் தட்டுவார். பிழைவிட்டால் ஒரு சின்னச் சிரிப்பு.

"இது சிம்பிள். ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறீர்?"

கம்பஸில் நாங்கள் ஒரே பேட்ச். அப்போது அவர் எனக்கு 'நீர்', நானும் அவருக்கு 'நீர்'. கல்யாணம் முடிந்த கையோடு மாமி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, புருசனை 'நீங்கள்' என்று கூப்பிடச் சொல்லித் திருத்தினார். அவரை யாரும் திருத்தவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், கடற்கரைப் பக்கமாக ரயில் ஒன்று இரைந்துகொண்டு போன நேரம், அவர் பென்சிலை என் கையிலிருந்து பிடுங்கினார். பிடுங்கித் தானே கணக்கைச் செய்து காட்டினார்.

"உமக்கு இது சரிவராது. சும்மா உம்மைக் கஷ்டப்படுத்துறீர். நான் அப்ளை பண்ணுற இடங்கள் ரெண்டையும் பாத்து முடிச்சிட்டன். ரெண்டிலயும் உம்மட சப்ஜெக்ட் இல்லை. பிறகு என்னத்துக்கு இந்தப் பரீட்சை?"

ரயில் போய் முடிந்தது.

"எப்ப பாத்தனீர்?" என்று கேட்டேன். குசினிக்குள் சட்டி வைக்கும் சத்தம் நின்றது. மாமிக்கு அந்த 'நீர்' கேட்டுவிட்டது.

"உம்மட ரிசல்ட் வந்த பிறகுதான்."

"என்னட்டக் கேட்டனீரோ?"

"கேட்டு என்ன செய்யிறது? நீர் என்னோட வரப்போறீர்தானே."

புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன். புறக்கோட்டையில் பஸ் மாறினேன்.

அக்கா கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லுவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தால் அது என் மடைத்தனம். கதவைத் திறந்ததும் பையைத்தான் பார்த்தாள்.

"கோவிச்சுக்கொண்டு வந்தனியோ?"

"படிக்க வந்தனான்."

"ஓம், சனம் அப்பிடித்தான் நம்பும். ராவைக்குத் திரும்பிப் போயிடு. உன்ர அத்தான் வந்து கேட்டா என்னால பொய் சொல்லேலாது."

ஆனாலும் சாப்பாட்டு மேசையில் ஒரு மூலையைத் துடைத்துத் தந்தாள். அன்றிரவு வீட்டுக்குத் திரும்பினேன், ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு சனி ஞாயிறும் அந்த மூலைதான் என் இடம். குக்கர் விசிலடிக்கும். தேவாலய மணி அடிக்கும். அக்கா வெங்காயம் உரித்தபடி, பிள்ளை பெறும் வயதையும் என் பிடிவாதத்தையும் பற்றிச் சுவரைப் பார்த்துக் கதைப்பாள். நான் அவளை வெறுத்தேன், ஆனால் அந்த மேசைக்கு வராமல் இருக்கவில்லை. அவள் என் பென்சிலைத் தொடவில்லை.

அங்கே தனியே இருந்து என் பிழைகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். தெரியாத கணக்குகள் மிகக் குறைவு. ஓர் எண் என்றதும் அதை நேர் முழு எண் என்று நினைத்துக்கொண்டு ஓடியிருந்தேன். அது சைபராகலாம், பின்னமாகலாம், சைபருக்குக் கீழான மறைப் பெறுமானமாகவும் இருக்கலாம் என்று நின்று பார்க்கவில்லை. கணவர் சொல்லித்தந்த வேகம் எனக்கு உதவவில்லை. மெதுவாகச் செய்தேன். முடியாததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பழகினேன். வெறி பிடித்தவள் போல் படித்தேன் என்று சொல்லலாம். ஒவ்வொரு சரியான விடைக்கும் யாரையாவது மனதுக்குள் ஏசினேன்.

இரண்டாவது தடவை பரீட்சைக்குக் கிளம்பிய காலையில் கணவர் கார்ச் சாவியோடு படியில் நின்றார்.

"கொண்டுபோய் விடுறன்."

"வேண்டாம்."

"என்னில என்ன கோவம் உமக்கு? நான் உமக்கு நல்லதுதானே நினைச்சனான்."

"என்ர சப்ஜெக்ட் இல்லாத இடத்தில நல்லது நினைச்சனீர்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன்.

பரீட்சை நிலையத்தில் சட்டைப்பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். கண்ணாடியைக் கழற்றி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வரவேற்பிலிருந்த பெண் என்னை அடையாளம் கண்டு, "ஆயெத் ஆவத நங்கி?" என்று சிரித்தாள். திரும்பவும் வந்தாயா தங்கச்சி என்று சிங்களத்தில் கேட்ட அந்தச் சிரிப்பில் கெடுதல் எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் அன்று எனக்கு அவளையும் பிடிக்கவில்லை.

இந்தத் தடவை கணக்கின் இரண்டாவது சுற்றில் வந்த கேள்விகள் கண்ணைக் கட்டின. முதல் மூன்றையும் விட்டு நாலாவதில்தான் தொடங்கினேன். முதல் சுற்றை நன்றாகச் செய்திருக்கிறேன் என்று அதிலேயே தெரிந்தது.

புள்ளி நன்றாகக் கூடியிருந்தது. கணவருடையதைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் நான் போக விரும்பிய இடங்களுக்கு அது போதும். வீட்டில் சொன்னபோது அவர் தாயைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்: "பாத்தீங்களே அம்மா, நான் நேரம் வச்சுப் பழக்கினது வேலை செய்திருக்கு."

என் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போனேன். அதை அவர்மேல் ஊற்றாமல் இருந்ததைத்தான் அந்த வருடத்தில் நான் காட்டிய பெரிய பொறுமை என்று சொல்வேன்.

நான் என் பாடம் இருக்கிற இடங்களுக்கு மட்டும் விண்ணப்பித்தேன். ஒன்றில் இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. அவருக்கு அவர் தேர்ந்த இடத்தில் கிடைத்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு பகல் முழுக்கப் பஸ் பயணம்.

"புருசன் ஒரு ஊர், பெஞ்சாதி ஒரு ஊரோ? இதென்ன கூத்து?" என்றார் மாமி.

"அவர் என்னோட வரலாம்தானே மாமி," என்றேன்.

அதற்குப் பிறகு மாமி ஒரு வாரம் என்னோடு நேரே கதைக்கவில்லை. கணவரோடும் சமாதானம் என்று ஒன்று வரவில்லை. விமான டிக்கெட், குளிர்ச் சட்டை, வீட்டு வாடகை என்று தேவையானதை மட்டும் கதைத்தோம். அங்கே வருகிற முதல் லீவுக்கு யார் யாரிடம் போவது என்று இன்னும் பேசி முடியவில்லை.

போன ஞாயிறு மாமி நாங்கள் கொண்டுபோகும் கறித்தூளுக்குக் கொத்தமல்லியும் செத்தல் மிளகாயும் வறுத்தார். மூன்று பேரும் ஃபிளாட் அதிரத் தும்மினோம். அரைத்து எடுத்த தூளை மாமி இரண்டு பைகளில் போட்டார். மகனுடைய பை வயிறு புடைத்து நின்றது. என்னுடையது தொய்ந்து கிடந்தது. நான் கரண்டியை எடுத்து, அவருடைய பையிலிருந்து நாலு கரண்டி அள்ளி என்னுடையதில் போட்டு முடிச்சுப் போட்டேன். மாமி பார்த்துக்கொண்டே நின்றார். கணவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு பல்கனிப் பக்கம் போய்விட்டார்.