தனி விட்டதும் காபிக்கு எழுந்தவர்கள்

போன சனிக்கிழமை மதுரையிலிருந்து சென்னைக்குப் போனது என் தங்கை உமாவுக்காக. மிருதங்கக்காரி. இத்தனை வருடமும் பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவளுக்கு இப்போது நடு மேடை. தாளவாத்தியங்களுக்கென்றே புதிதாக எழுதப்பட்ட கன்செர்ட்டோ, ஒரு கலைஞரை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் மேற்கத்திய வடிவம். பின்னால் நாற்பது பேர் ஆர்கெஸ்ட்ரா. மிருதங்கம், கடம், டிரம்ஸ் எல்லாம் இவள் ஒருத்தி.

காலை ரயில் மதியம் இரண்டரைக்கு எழும்பூர் சேர்ந்தது. மயிலாப்பூருக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோ இருநூறு ரூபாய். கச்சேரி என்றதும் ஓட்டுநர் கேட்டார்.

“யாரு சார் பாடுறது?”

“பாட்டே கிடையாதுங்க. தாளம் மட்டும்தான்.”

“அப்போ ஜனம் இன்னாத்துக்கு சார் குந்திகினு இருக்கும்?”

உமாவின் பயமும் அதுதான். சபா வழக்கம் தெரியுமல்லவா? பாடகர் நிறுத்தி, மிருதங்கத்துக்குத் தனி விட்டதும் பாதி அரங்கம் கேன்டீனுக்கு எழுந்துவிடும். “இன்னிக்கு மொத்தமுமே தனிதான் அண்ணா. யாரு இருப்பா?” என்று போனில் கேட்டிருந்தாள்.

ஆறு மணிக்கு ஆரம்பம். டிக்கெட் முந்நூறு. முதல் இரண்டு பகுதிகள் நன்றாகவே போயின. மூன்றாவதில் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் கையை இறக்க, ஆர்கெஸ்ட்ரா ஓய்ந்தது. இனி கொஞ்ச நேரம் உமா மட்டும். என்ன வாசிப்பது என்பதை, இசையை எழுதியவர் அவள் இஷ்டத்துக்கே விட்டிருந்தார். உடனே நாற்காலிகள் மடங்கும் சத்தம். பக்கத்து இருக்கை மாமா மாமியிடம், “தனி விட்டாச்சு. ஒரு காபி சாப்ட்டுண்டு வந்துடறேன், எடத்தைப் பாத்துண்டு இரு” என்று கிளம்பினார். கெட்ட எண்ணமில்லை, காலுக்குப் பழக்கம். ஆனாலும் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

உமா பார்த்துவிட்டாள். டிரம்ஸில் முழங்கிக்கொண்டிருந்தவள் குச்சிகளை வைத்துவிட்டுக் கடத்தை மடியில் எடுத்தாள். ஒரே விரல். கேட்டும் கேட்காத நாதம். அரங்கத்தில் அதைவிடப் பெரிய சத்தம் மாமாவின் செருப்புதான். நாலு பேர் திரும்பிப் பார்க்க, அவர் நடுவழியில் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அடுத்த அடி வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. சற்றுப் பொறுத்து மாமா படியிலேயே உட்கார்ந்து தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். ஆர்கெஸ்ட்ரா மறுபடி சேர்ந்தபோது எனக்குக் கண் கலங்கியிருந்தது.

இதுபோன்ற நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள் ஐந்தரைக்கே காபியை முடித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் இடம் கிடைத்தால் விடாதீர்கள், விரல்கள் தெரியும். முடிந்ததும் வாசலில் ஆட்டோ பிடிக்காமல் கோயில் குளத்துப் பக்கம் நடந்தால் ஐம்பது ரூபாய் மிச்சம்.

அப்படிப் பிடித்த ஆட்டோவில்தான் அடையாறில் உமாவின் வீட்டுக்குத் திரும்பினோம்.

“படியில உக்காந்தாரே, அந்த மாமா பத்து வருஷமா என் எல்லாக் கச்சேரிக்கும் வர்றவர்ணா,” என்றாள் உமா. “நான் வாசிச்சு இன்னிக்குத்தான் கேட்டிருக்கார்.”