கருவாட்டுக்கு நனைத்த துண்டு

எங்கள் ஊர் குடிகாட்டுக்குப் பக்கம். சுற்றிலும் ரசாயன ஆலைகள். என் மகளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது ஒருநாள் காலை ஆலை ஒன்றில் புகை கசிந்தது. ஈரத் துண்டை அவள் மூக்கில் வைத்துக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே ஓடினேன். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓட்டம்தான். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது அவளுக்கு நாலரை வயது. சின்ன வயதில் படும் பயம் வளரும் மூளையைப் பாதிக்கும் என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. அவள் பென்சிலைத் தொலைத்தால்கூட அந்தப் புகைதான் காரணமென்று தோன்றும். கடைசியில் சிதம்பரத்தில் ஒரு குழந்தை டாக்டரைப் பார்க்கப் பஸ் ஏறினோம்.

பரங்கிப்பேட்டை ரோடு பிரியும் இடத்தில் ஒரு அம்மா கூடையோடு ஏறினார். குப்பென்று வாடை. யோசிக்கவே இல்லை, பையிலிருந்த துண்டில் தண்ணீரை ஊற்றி மகளின் மூக்கில் அழுத்திவிட்டேன். அவள் துண்டை விலக்கி, "அம்மா, அது கருவாடு" என்றாள்.

பஸ்ஸே சிரித்தது. கூடைக்கார அம்மா, "கொழம்பு வெச்சா மட்டும் மூக்கத் தொறந்துக்குவியா?" என்றார்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார்: "ஆலையில சைரன் ஊதுனா பாப்பா என்ன செய்யும்?"

"எங்கிட்ட ஓடி வரும். கொஞ்ச நேரம் ஒட்டிக்கிட்டு நிக்கும். அப்பறம் வெளையாடப் போயிடும்."

"நீங்க?"

"அரை மணி நேரம் கையில துண்டோட வாசல்ல நிப்பேன்."

"அப்ப டோக்கன உங்க பேர்லதான் போட்டிருக்கணும்" என்று சிரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். தாங்கிக்கொள்ள ஆளில்லாமல் நாள்கணக்கில் தொடரும் பயம்தான் பிஞ்சு மூளையை அதிகம் வாட்டுமாம். "பயந்தா ஓடி வர்றதுக்கு இவளுக்கு நீங்க இருக்கீங்க. நல்லா தூங்குறா, பேசுறா, சிரிக்கிறா. இப்ப கவலப்பட ஒன்னுமில்ல."

திரும்பும்போது டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். அவள் என் மடியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். எனக்குத்தான் ஒவ்வொரு ஹாரனுக்கும் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த வாரம் என்னை மட்டும் தனியாக வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். போகத்தான் போகிறேன்.