நாவற்பழம் என்று நினைத்துவிட்டேன்

போன கிழமை கிரேக்கத் தீவொன்றுக்கு விடுமுறை போய் வந்தோம். எந்தத் தீவு என்று கேட்காதீர்கள். அங்கேதான் சிக்கலே!

டிக்கெட்டில் ஒரு பெயர் இருந்தது. அது எனக்கும் தெரியும். ஆனால், அது என்னுடைய தீவுதானா? ஆறு நாள் வெயிலில் அலைந்து, லண்டன் ஹரோவுக்குத் திரும்பி, இதை எழுதும்போதும் தெரியவில்லை.

விஷயம் இதுதான். முப்பது வருடங்களுக்கு முன்பு, லண்டனுக்கு வருகிற வழியில், களவாகக் கூட்டிவந்த ஏஜென்ட் எங்கள் ஏழெட்டுப் பேரை ஒரு விடியற்காலையில் மீன்பிடிப் படகிலிருந்து இறக்கிவிட்டான். "இதுதான் இத்தாலி" என்றான். நம்பினோம். பசியில் இருப்பவனுக்கு எந்த நாடாக இருந்தால் என்ன? அது கிரேக்கத் தீவு என்பதே ஜெர்மனி போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. எந்தத் தீவு என்று ஏஜென்டைக் கேட்கலாம் என்றால், அவனை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை.

அன்று காலை ஒரு பேக்கரிக்காரப் பெண் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ரொட்டி தந்தார். கூடவே ஒரு கிண்ணம் நிறையக் கறுப்புப் பழம். நாவற்பழம்! ஊரை விட்டு வந்து எத்தனை மாதம்... ஆசையோடு ஒன்றை வாயில் போட்டேன். உப்பு. கசப்பு. அவர் முகத்துக்கு நேரே, அவருடைய வாசற்படியிலேயே, தூவென்று துப்பிவிட்டேன்.

அது ஒலிவ் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் போன விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மன்னிப்புக் கேட்க அன்று எனக்கு மொழி இல்லை. இன்று பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது, மொழிபெயர்க்க ஃபோன் இருக்கிறது... ஆளைத்தான் காணோம்.

எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம், மலைமேல் ஒரு வெள்ளைத் தேவாலயம், நீலக் கூரை. மகள் ஃபோனில் காட்டிய படமொன்றில் அதைப் பார்த்ததும் "இதுதான்!" என்று கத்திவிட்டேன். அன்றே டிக்கெட் போட்டாயிற்று.

போய் இறங்கிப் பார்த்தால்... எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளைத் தேவாலயம், நீலக் கூரை!

நான்காம் நாள் என் மனைவி சாந்தி பொறுமை இழந்தாள்.

"இஞ்சாருங்கோ, நேற்று அந்தச் சேர்ச் எண்டு சொன்னியள். இண்டைக்கு இது எண்டுறியள். உண்மையா இந்தத் தீவுக்குத்தான் வந்தனீங்களோ?"

"ஓம்... அப்பிடித்தான் கிடக்கு."

"கிடக்கோ?!"

கடைசி நாள், தெருமுனையில் ஒரு பேக்கரி. உள்ளே எழுபது தாண்டிய அம்மா ஒருவர். இவர்தானோ? நடந்ததையெல்லாம் ஃபோனில் தமிழில் சொன்னேன். அது கிரேக்கத்தில் என்ன சொன்னதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். அவர் இரண்டு தரம் கேட்டுவிட்டுக் கையை விரித்தார். பதிலை ஃபோன் சொன்னது: "நானாக இருக்கலாம். என் அக்காவாகவும் இருக்கலாம். பக்கத்துத் தீவாகவும் இருக்கலாம்."

இப்போது என்ன செய்வது? மன்னிப்பை இங்கேயே கேட்டுவிடுவதா, பக்கத்துத் தீவுக்குக் கொண்டுபோவதா?

சாந்திக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. "வந்தது வந்திட்டம். ஒரு தேத்தண்ணியாவது குடுப்பம்" என்றாள். அன்றைய பேக்கரிக்காரப் பெண்ணுக்கென்று ஹரோவிலிருந்து கொண்டுபோன தேயிலையைப் பிரித்து, அந்த அம்மாவின் அடுப்பிலேயே, இஞ்சி தட்டிப் போட்டு, எங்கள் வீட்டுக் கடுஞ்சாயத்தில், பால் இல்லாமல் ஒரு பிளேன்டீ.

அந்த அம்மா ஒரு வாய் குடித்தார். கண் சுருங்கியது. உதடு கோணியது. கன்னம் இரண்டும் உப்பியபடி அப்படியே நின்றார். அந்த முகம் எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு முன்பு அது என்னுடைய முகம். வாசற்படியும் பக்கத்திலேயே இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். மடக்கென்று விழுங்கினார். பிறகு சிரித்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னால் ஏன் அன்று இதைச் செய்ய முடியாமல் போயிற்று?

அவர் உள்ளே போய் ஒரு கிண்ணத்தோடு வந்து என் முன்னால் வைத்தார். ஒலிவ்! இன்றைக்கும் எனக்கு அது பிடிக்காது...

கொட்டையோடு விழுங்கினேன்.