புளி போட்டுத் தேய்த்த குத்துவாள்

கழக்கூட்டம் ஃபிளாட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும்போதெல்லாம், சாலை பஜாரில் அப்பா வைத்திருந்த, இன்று இல்லாத பழம்பொருள் கடை வாசனையாக வந்துவிடுகிறது. விற்க வரும் பட்டாளத்துக் குத்துவாளை அப்பா உருவி, தோலுறைக்குள் முகர்ந்து, பித்தளைப் பிடியின் கறுப்பை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். சுரண்டினாலும் போகாத கறுப்புதான் அசலின் வயது என்பார்.

ஓர் ஆயுத பூஜையன்று, இருப்பதிலேயே பழைய குத்துவாளை நான் புளியால் பளபளவென்று தேய்த்துச் சந்தனம் வைத்துவிட்டேன். அதை வாங்கவே வந்த மலையாளி முகம் சுளித்தார்.

"இது டூப்ளிகேட் அல்லே?"

அசலை ஒருநாளும் போலி என்று சொல்லாத அப்பா, புளி காயாத என் விரல்களைப் பார்த்தார்.

"ஆமா சார், டூப்ளிகேட்டாக்கும்."

விற்காத அந்தக் குத்துவாள் இப்போது என் பூஜை அலமாரியில் மெல்லக் கறுத்துக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் நான் தேய்ப்பதில்லை.