சலூனில் பேப்பர் படித்த கதை

தல்லாகுளம் சலூனில் காலையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிப்பதும் மற்றவர்கள் கேட்பதும் வழக்கம். இன்று என் முறை.

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் விடிந்ததுமே வந்து காத்திருந்தார். வெள்ளைக்காரன் யுத்தத்துக்குச் சிப்பாயாகச் சேராதீர்கள் என்று சந்தையில் பேசிய அவர் மகனுக்கு நேற்று ஜெயில். கோர்ட்டுக்குள் இவரை விடவில்லை. மகன் ஜட்ஜிடம் சொன்னது இன்று பேப்பரில் வந்திருந்தது. இவருக்கு எழுத்துத் தெரியாது.

நான் வாயைத் திறந்தேன். சவரத்துக்கு உட்கார்ந்திருந்த ஏட்டையா முகம் நிறைய நுரையோடு திரும்பினார்.

"சத்தமாப் படிக்காதீங்க தம்பி. அஞ்சு பேரு கேட்டா அது கூட்டம். தடையுத்தரவு இருக்கு."

"சர்க்கார் சென்சார் பண்ணி விட்ட பேப்பர்தானே, ஏட்டையா?"

"அதுனால என்ன, மனசுக்குள்ள படிங்க."

பெரியவர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். "காதோரமாவது சொல்லுங்க தம்பி. எம்மகன் என்னதான் சொன்னான்?"

"காதுல சொன்னா அது வதந்தி. அதுக்கு வேற சட்டம்" என்றார் ஏட்டையா. "நான் என்ன செய்ய பெரியவரே, மேலருந்து ஆர்டர் அப்படி."

வரிகள் கண்ணெதிரே இருந்தன. ஜெயிலுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

"எந்த எடத்துல இருக்குன்னாவது காட்டுங்க" என்றார் பெரியவர். தொட்டுக் காட்டினேன். அதே இடத்தில் தன் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்காமல், பேப்பரோடு தெருவில் இறங்கி நடந்துவிட்டார்.

விரலால் காட்டுவது எந்தச் சட்டத்தில் வரும்? வக்கீல் நண்பர்கள் யாராவது சொல்லுங்கள். சத்தமில்லாமல்.