நாவல் மரத்துக்கு இரண்டு செயலாளர்கள்

காட்டு முகாமில் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது தொண்டை தேயும் வேலை. லீவு நாளில் நாற்பது பிள்ளைகளை மேய்த்த உங்களுக்குத் தெரியாததா? இதில் நீங்கள் விழுந்து விழுந்து சிரிக்க ஓர் இடம் இருக்கிறது, சத்தியமாக. ஆனால் உடனே தரமாட்டேன். முதலில் மரம்.

ஆறு கார்

தோணிரேவுப் பக்கம், ஏரிக்கரையில் எங்கள் முகாம். வெட்டாதே, கட்டாதே, பிள்ளைகள் வெளியில் படிக்க மட்டும் என்று பத்திரத்தில் எழுதிவைத்த காடு. நாவல் மரத்தடிதான் எங்கள் பெரிய வகுப்பு. முகாமை நடத்தும் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார். இதை வெட்டினால் ஆறு கார் நிறுத்தலாம், வகுப்பை ஷெட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றார். கையால் இறால் தடவிப் பிடிக்கச் சொல்லித்தரும் கன்னியம்மா அக்கா நிதானமாகக் கேட்டது:

"ஏரியையும் ஷெட்டுக்குள்ள கொண்ணாந்துடுவியா சார்?"

லுங்கி

செயலாளருக்குக் கீச்சுக் குரல். பேசுமுன் இரண்டு செருமல், முடிவில் ஒரு "புரிஞ்சுதா இல்லியா". சமையற்கட்டுக்குப் பின்னால் நின்று அந்தக் குரலை அப்படியே அவிழ்த்துவிட்டேன். சமையல்கார அண்ணன் மடித்துக்கட்டிய லுங்கியைச் சட்டென்று இறக்கிவிட்டு, ரசத்துக்கு முன்னால் கைகட்டி நின்றார். திரும்பினால் நான்.

"உன் தொண்டையில வெந்நிய ஊத்தணும்டி. எங்க, இன்னொருவாட்டி பண்ணு."

அறுக்க வந்தவர்

செயலாளர் காட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டார், முள் குத்துமாம். ஆபீஸ் அறையில் உட்கார்ந்து மைக்கில்தான் உத்தரவு. மரத்தில் கட்டிய ஸ்பீக்கர் சொன்னால் யாரும் முகம் தேடுவதில்லை. திங்கட்கிழமை மேஸ்திரி ரம்பத்தோடு வந்தார். ஆபீஸில் ஆளில்லை. மைக்கைப் பிடித்தேன். இரண்டு செருமல், மரத்தில் கை வைக்காதே, ஊட்டுக்குப் போ, புரிஞ்சுதா இல்லியா. மேஸ்திரி ஸ்பீக்கருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளும் வந்தார். நானும் அதையே பேசினேன். மரம் ஏன் விழவில்லை என்று பார்க்க, முள்ளையும் மிதித்துக்கொண்டு செயலாளரே அவர் பக்கத்தில் வந்து நின்றது எனக்கெப்படித் தெரியும்? கன்னியம்மா அக்காதான் பிறகு சொன்னது: மேஸ்திரி கும்பிட்ட கையோடு ஸ்பீக்கரைப் பார்த்தாராம், செயலாளரின் மூடிய வாயைப் பார்த்தாராம், மறுபடி ஸ்பீக்கரைப் பார்த்தாராம். ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டே சொன்னாராம்:

"ரெண்டு செயலாளர் இருந்தா, வெட்டாதனு சொல்றவர் பேச்சத்தான் நான் கேப்பேன் சார்."

என் வேலை அன்றைக்கே போய்விட்டது, மரம் நிற்கிறது, வேண்டுமானால் என்னை இன்னொரு தடவை நீக்கிக்கொள்ளட்டும்.