வைக்கிங் ஊருக்கு வாஸ்து பார்த்தேன்

போன வருடம் ஆடி மாதம். அருள்புரத்தில் எனக்கு ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. பெரிதாக நினைத்துவிடாதீர்கள், பதினெட்டு மிஷின், தைத்த துணியில் ஓட்டை, கறை பார்க்க ஒரு செக்கிங் டேபிள், அவ்வளவுதான். அப்போது பக்கத்து ஷெட் காலியானது. அதையும் எடுத்து, என் மனைவியின் தம்பியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, ஆவணி பிறந்ததும் பூஜை போட வேண்டும் என்று குறியாக இருந்தேன். அவன் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர்களோடு நேரடியாகப் பேசுகிறவன். எனக்கு அந்தப் பேச்சு சுட்டுப் போட்டாலும் வராது. அவன் வந்தால்தான் ஷெட், இல்லாவிட்டால் இல்லை.

"கூட்டுக்கு வர்றயா மாப்ள?" என்று கேட்டால், "யோசிச்சுச் சொல்றேனுங்க மச்சான்" என்பான். ஆடியில் யாரும் புதுக் காரியத்தை முடிவு பண்ண மாட்டார்கள், சரி என்று விட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவன் யோசிக்கிறானா என்றால், அதுதான் இல்லை. லேப்டாப்பை டிவியில் மாட்டி கேம் விளையாடுவான். முப்பது வயசு ஆள்! பார்க்கவே பற்றிக்கொண்டு வரும்.

என் மனைவிதான் யோசனை சொன்னாள். "ஏனுங்க, நீங்களும் அவங்கூட உக்காந்து வெளையாடுங்களேன். நாலு வார்த்த பேசுன மாதிரி இருக்கும்." எல்லாம் என் நேரம் என்று உட்கார்ந்தேன்.

கேம் இதுதான். வைக்கிங் என்று பனி தேசத்து ஆட்கள். பதினாலு பேர் ஒரு படகில் வந்து, ஆளே இல்லாத ஒரு கரையில் இறங்குகிறார்கள். குளிர்காலம் வருவதற்குள் அவர்களுக்கு நாம் ஓர் ஊரை உண்டாக்கித் தர வேண்டும். எல்லாரும் தங்க ஒரு பெரிய கூடம், அடுப்பு, கிணறு, விறகு, மீன். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். கட்டிடம் என் பொறுப்பு, ஆட்கள் அவன் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம்.

கட்டிடம் எனக்குச் சொல்லியா தர வேண்டும்? வாசல் கிழக்கே. அடுப்பைக் கூடத்துக்கு நடுவில் வை என்று கேமே காட்டியது. நடுவில் அடுப்பு வைத்தால் பிரம்மஸ்தானம் என்னாவது? தூக்கி அக்னி மூலையில், தென்கிழக்கில் வைத்தேன். கிணறு வடகிழக்கில், ஈசானியத்தில். எல்லாம் வாஸ்துப்படி சுத்தம்.

மச்சினன் மெதுவாக ஆரம்பித்தான். "மச்சான், அங்க கெழக்க கடலுங்க. காத்து அங்கிருந்துதான் அடிக்குது. நம்மூர்ல ஆடிக் காத்து மேக்க இருந்து வருது, கெழக்க வாசல் வெச்சாச் செரி. இங்க மேக்க வெக்கலாமுங்க."

"எந்த ஊரா இருந்தா என்ன மாப்ள, சூரியன் கெழக்கதான உதிக்குது?" என்று வாயை அடைத்தேன். "செரிங்க மச்சான்" என்று அவன் தன் ஆட்களைக் கவனிக்கப் போய்விட்டான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு கிணறு தோண்டி முடிந்தது. கருமம், உப்புத் தண்ணீர்! ஈசானிய மூலை கடலோரமாகப் போய் விழுந்திருந்தது. சரி, முதலில் கூடத்தை முடிப்போம் என்று, மீன் பிடித்துக்கொண்டிருந்த நாலு பேரை இழுத்து மரம் தூக்க விட்டேன். கம்பெனியில் தையல் லைனில் ஆள் குறைந்தால் செக்கிங்கிலிருந்து இழுத்துப் போடுவேன், அதே பழக்கம். "மீன் கொறஞ்சு போயிருமுங்க மச்சான்" என்றான். "ஒரு வாரம் மீன் திங்காட்டி செத்தா போயிருவாங்க?" என்றேன்.

மூன்றாவது ஞாயிறு குளிர்காலம் வந்தது. ஒருவன் கதவைத் திறந்தால் போதும், கடல்காற்று பனியை வாரிக்கொண்டு உள்ளே வரும். கதவுக்குப் பக்கத்திலேயே அடுப்பு, உடனே அணைந்துவிடும். பற்ற வைப்பேன், அணையும். மறுபடி பற்ற வைப்பேன், இன்னொருத்தன் கதவைத் திறப்பான். "டேய், கதவச் சாத்துங்கடா!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். சமையலறையில் என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

ஆடி கடைசி ஞாயிறு. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, மீன் இல்லை, நெருப்பு இல்லை. பதினாலு பேரும் வந்த படகிலேயே ஏறிக் கிளம்பிவிட்டார்கள். ஒருத்தன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கட்டிய கூடத்தின் கிழக்கு வாசல் கதவு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் உன்னாலதான் மாப்ள! ஆளுங்க உம் பொறுப்புதான? நாலு மீன் புடிக்க வெக்க முடியல உனக்கு!" என்று பாய்ந்தேன்.

அவன் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தான். "கோவிச்சுக்காதீங்க மச்சான். ஷெட்டுல கூட்டு எனக்கு வேண்டாமுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நல்லா இருக்கே கதை! பொம்மை வெளையாட்ட வெச்சா தொழில முடிவு பண்ணுவே?"

"நாலு வாரமா உங்க பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேனுங்க. நீ என்ன சொல்றேன்னு ஒருக்காக் கேட்டிருப்பீங்களா? கம்பெனியிலயும் அப்படித்தானுங்க. வாஸ்துன்னு செக்கிங் டேபிள ஜன்னலோரத்துல இருந்து எடுத்து மூலையில போட்டீங்க. அங்க செக்கிங் பண்ற அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

காபியோடு வந்த மனைவியைத் துணைக்குப் பார்த்தேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு, "தம்பி சொல்றது நெசந்தானுங்க" என்று உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு இரண்டு பேரோடும் நான் பேசவில்லை. அந்தக் காபியையும் தொடவில்லை.

திங்கட்கிழமை, அவன் சொன்னது பொய் என்று நிரூபிப்பதற்காகவே கம்பெனிக்குப் போனேன். செக்கிங் அம்மா திருநெல்வேலிப் பக்கம், என்னிடம் பல வருடமாக இருக்கிறவர். ஒரு டி-ஷர்ட்டை ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வெளிச்சம் பத்துதாம்மா?" என்றேன்.

"பரவால்லண்ணே" என்றார். நான் அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, துணியை மடித்துக்கொண்டே சொன்னார். "சாயங்காலம் ஆனா கண்ணு வலிக்கத்தான் செய்யும். சொன்னா ஏசுவியளோன்னு சொல்லல."

அவர் கண்ணாடி போட்டிருந்தார். அது எப்போது வந்தது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தினமும் பத்து தடவை அந்த டேபிளைக் கடந்து போகிறவன் நான். வெட்கமாகப் போய்விட்டது.

அன்றைக்கே டேபிளை ஜன்னலோரத்துக்கு மாற்றினேன். கையோடு மச்சினனுக்குப் போன் போட்டேன். "ரொம்ப சந்தோசமுங்க மச்சான்" என்றான். போனை வைத்துவிட்டான். ஒரு டேபிளை நகர்த்தியதும் அவன் ஓடி வந்துவிடுவான் என்று எதிர்பார்த்தேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல! ஆவணியில் அந்த ஷெட்டை வேறொருவர் எடுத்துப் பூஜை போட்டார். நானும் போய்ச் சுண்டல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சாப்பாட்டுக்கு மட்டும் மச்சினன் வழக்கம்போல வந்தான். புரட்டாசியில் ஒரு நாள் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுபடி படகு, மறுபடி பதினாலு பேர், வேறொரு கரை. "வாசல் எந்தப் பக்கம் வெக்கலாம் மாப்ள?" என்று கேட்டேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நீங்களே சொல்லுங்க மச்சான்" என்றான்.

கிழக்கு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தெக்க வெக்கலாமுங்க. அந்தப் பக்கம் மலை மறைக்குது" என்றான். தெற்கு வாசல்! வாயே திறக்காமல் வைத்தேன்.

அந்த ஊர் இன்னும் நன்றாக இருக்கிறது. கூட்டுப் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. முன்னெல்லாம் யாரும் எதிர்த்துப் பேசாவிட்டால் என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு என்று நினைப்பேன்; இப்போது யாராவது "சரிங்க" என்று சட்டென்று ஒதுங்கிக்கொண்டால், இவரும் படகில் ஏறிவிட்டாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.